சேஷு ஐயர் கொடுத்த சீட்டு

கணக்கு வாத்தியார்கள் நாலு பேர் கூடினால் ராமானுஜன் பேச்சு எப்படியும் வந்துவிடும். கும்பகோணம் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அவருக்கு வகுப்பு எடுத்தவரைப் பற்றி யாரும் பேச்செடுத்து நான் கேட்டதில்லை. இருபத்தாறு வருடமாக டெல்டாவில் அரசுப் பள்ளிகளில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நானும் நெடுநாள் அவரை யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு மாணவி. அது பின்னால் வருகிறது.

1927-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் ராமானுஜனின் கட்டுரைகளைத் தொகுத்து ஒரே நூலாக வெளியிட்டது. பதிப்பாசிரியர்கள் மூன்று பேர்: ஜி. எச். ஹார்டி, பி. வி. சேஷு ஐயர், பி. எம். வில்சன். நடுவில் இருக்கும் பெயர்தான் நம் ஊர்ப் பேராசிரியர். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரிப் படிப்பு) வகுப்புப் பையனாக ராமானுஜனைப் பார்த்தவர். அந்தப் பையன் தேர்வில் தோற்று, ஊரைவிட்டு ஓடி, சென்னைக்கு வந்து, கடல் கடந்து, புகழ் பெற்று, முப்பத்திரண்டு வயதில் இறந்து, ஏழு வருடம் கழித்து நூல் வரும் வரைக்கும் கூடவே இருந்தவர். ஒரே மாணவனுக்காக இருபத்துமூன்று வருடம்.

இந்த ஆய்வில் நான் பார்க்க நினைப்பது ஒன்றைத்தான். தன்னைவிடப் பெரிய மூளை எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? சேஷு ஐயர் செய்ததை வரிசையாக எடுத்து வைத்துப் பார்க்கிறேன்.

ஆற்றங்கரைக் கல்லூரி

கும்பகோணம் கல்லூரி 1854-ல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கியது. டபிள்யூ. ஏ. போர்ட்டர், டி. கோபால ராவ் போன்றவர்கள் முதல்வர்களாக இருந்த காலத்தில் அதன் பெயர் பரவி, தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. காவிரிக்கு அந்தக் கரையில் இருக்கிறது. ஊருக்குள்ளிருந்து போகிறவர் ஆற்றைக் கடந்துதான் போக வேண்டும்.

ராமானுஜனின் வீடு சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடை குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கோயில் பஜனையில் பாடுவார். டவுன் ஹைஸ்கூலில் 1898-ல் சேர்ந்த பையன் 1904-ல் கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசை வாங்கியபோது, தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், நூற்றுக்கு நூறைவிட அதிகம் கொடுக்கலாம் என்றால் இவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று மேடையிலேயே சொன்னார்.

அதற்கு முன்பே ஒரு புத்தகம் கைக்கு வந்திருந்தது. ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காகத் தொகுத்த சுமார் ஐந்தாயிரம் முடிவுகள். ஒரு முடிவு, அதற்கு ஒன்றிரண்டு வரிக் குறிப்பு, உடனே அடுத்த முடிவு. நிறுவல் பெரும்பாலும் கிடையாது. ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்த்தார். நிறுவும்போதே புதிய முடிவுகளுக்குப் போனார். இந்த இடத்தில் ஆசிரியராக எனக்கு ஒன்று தோன்றும். அந்தப் புத்தகம் அவரைத் திறந்துவிட்டதும் நிஜம், விடையை மட்டும் எழுதி வழியை மனதிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொடுத்ததும் நிஜம். பின்னால் அவர் பட்ட பாட்டில் பாதி அந்தப் பழக்கத்தால் வந்தது.

1904-ல் உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர எதையும் தொடவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. கோமளத்தம்மாள் நேரே முதல்வரைப் பார்க்கப் போனார். கணக்கில் இவனுக்கு ஈடு யாரும் கிடையாதே, எப்படி நிறுத்தலாம் என்று கேட்டார். முதல்வர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் விதி விதிதான், ஆங்கிலத்தில் தேறவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு குமாஸ்தாவின் மனைவி அன்று தனியாகக் கல்லூரி முதல்வரின் அறைக்குள் போய் மகனுக்காக வாதாடியிருக்கிறார். நாம் பள்ளியில் தினமும் பார்க்கிற அம்மாக்களில் ஒருவர்தான் அவர். மார்க் பட்டியலை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்பவர்கள்.

வகுப்பறையில் நடந்தது

இந்தக் கல்லூரியில்தான் சேஷு ஐயர் கணிதம் எடுத்தார். அவர் செய்தவை சின்னச் சின்ன விஷயங்கள். வகுப்பில் பையனை அவன் போக்கில் விட்டார். இங்கிலாந்திலிருந்து வரும் கணித இதழ்களின் கணக்குகளைப் போட்டுப் பார்க்கத் தூண்டினார். முடிவிலித் தொடர்களில் தான் செய்ததை ராமானுஜன் ஒருநாள் கொண்டுவந்து காட்டியபோது, இது கூர்மையானது, சொந்தமாக யோசித்தது என்று வாய்விட்டுச் சொன்னார்.

அதே கல்லூரியில் இன்னொரு ஆசிரியரும் இருந்தார். ராமானுஜன் கேட்டதும் நுண்கணிதப் புத்தகத்தைக் கொடுத்தார். மற்றப் பாடங்கள் கெடுகின்றன என்று தெரிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார். இவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையன் தேறவேண்டுமே என்ற கவலையில் செய்ததுதான். பத்து நாளில் ஒன்பது நாள் நானும் அவரைப் போலத்தான் நடந்துகொள்கிறேன். போர்ஷன் முடிக்க வேண்டும், ரிவிஷன் தேர்வு வரும், தேர்ச்சி விகிதம் எவ்வளவு என்று மேலிருந்து கேட்பார்கள்.

சரி, சேஷு ஐயர் மட்டும் என்ன சாதித்துவிட்டார்? அவர் இருந்த கல்லூரியிலேயே உதவித்தொகை போனது, பையன் போனான். வகுப்பறைச் சுதந்திரம் மட்டும் ஒரு மாணவனைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1905-ல் ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போனார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ.வில் தோற்றார், 1907-ல் மறுபடியும் எழுதித் தோற்றார். பிறகு பட்டம், வேலை, வருமானம் எதுவும் இல்லை. 1909-ல் கல்யாணமும் ஆயிற்று.

ஆனாலும் அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, சொந்தமாக யோசித்தது என்று சொன்னது, அதற்குப் பலன் பின்னால் வந்தது. தன்னைத் தெரிந்த கணித ஆசிரியர் ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்ற கணக்கு அன்றே பதிவாகிவிட்டது.

கைமாறிய கடிதங்கள்

1910-ல் ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். மாணவராக இருந்தபோது லண்டன் இதழ் ஒன்றுக்கு இவர் எழுதி அனுப்ப, அவர்கள் பேராசிரியர் என்று நினைத்து அப்படியே விளிக்க, அந்தப் பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. டெபுடி கலெக்டராக இருந்தாலும் ஊருக்கு அவர் புரொபசர் ராமசாமி.

ராமானுஜன் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயருக்கு இந்த ஆளை வருவாய்த்துறைக் கடைசிப் படியில் உட்கார வைத்து அமுக்க மனம் வரவில்லை. கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். யாரிடம்? அப்போது மாநிலக் கல்லூரிக்கு வந்துவிட்டிருந்த சேஷு ஐயரிடம். பழைய வாத்தியாரும் பையனும் நாலு வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு சந்தித்தார்கள்.

இனி சேஷு ஐயர் செய்ததுதான் இந்த ஆய்வின் நடுநாயகம். கல்லூரிப் பேராசிரியர், பட்டம் பெற்றவர், எதிரே நிற்பவர் இரண்டு முறை எஃப்.ஏ. தோற்றவர். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம். முதலில் பரீட்சை எழுதி முடி, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் கணிதத்தில் பற்றுள்ளவர், கணிதக் கழகத்தின் செயலாளர், முக்கியமாகக் கையில் பணம் உள்ளவர்.

நம் ஊரில் சீட்டு என்ற சொல்லுக்குக் கொஞ்சம் மதிப்புக் குறைவு. சிபாரிசுச் சீட்டு என்றால் தகுதியில்லாதவனை உள்ளே தள்ளுவது என்றுதான் பழகியிருக்கிறோம். சேஷு ஐயரின் சீட்டு வேறு ஜாதி. இதை அளக்கிற படி என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கலாம், பாருங்கள் என்று சொல்கிற சீட்டு. அதை எழுத, தன் அளவு இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் பேராசிரியராக இருப்பவருக்கு அது லேசில் வராது.

1910 டிசம்பரில் ராமச்சந்திர ராவைப் பார்த்தார் ராமானுஜன். குள்ளமான, தடித்த உருவம், சவரம் செய்யாத முகம், கக்கத்தில் கிழிந்த நோட்டு, கண் மட்டும் பளபளக்கிறது என்று ராவ் பின்னால் எழுதினார். முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, புரியவும் இல்லை. ராமானுஜன் மறுபடி மறுபடி போனார். எளிய முடிவுகளிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக மேலே கூட்டிப் போனார். கடைசியில் ராவ் தலையசைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பிழைக்கக் கொஞ்சம் பணம், ஆராய்ச்சியைத் தொடர நேரம் என்றார் ராமானுஜன். மாதம் 25 ரூபாய் வந்தது. யாருக்கும் வெகுநாள் பாரமாக இருக்க விருப்பமில்லாமல் 1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்க் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

289-ஆம் கேள்வி

சேஷு ஐயர் சீட்டோடு நிறுத்தவில்லை. கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கேள்விகள் 1911 பிப்ரவரியில் வந்தன. அனுப்பி வைத்தவர் சேஷு ஐயர். பட்டமில்லாத ஒருவர் பெயர் கணிதம் தெரிந்தவர்கள் படிக்கிற இதழில் முதல் முறையாக அச்சானது. அந்த வருடக் கேள்விகளில் 289-ஆம் எண் உள்ளதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே போட்டுக் காட்டலாம், நான் ஒவ்வொரு டிசம்பரிலும் காட்டுகிறேன்.

வர்க்கமூலத்துக்குள் 1 கூட்டல் 2 பெருக்கல் ஒரு வர்க்கமூலம். அதற்குள் 1 கூட்டல் 3 பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம். அதற்குள் 1 கூட்டல் 4 பெருக்கல்... இப்படி முடிவில்லாமல் போகிறது. மதிப்பு என்ன? மாதக் கணக்கில் யாரிடமிருந்தும் விடை வரவில்லை. ராமானுஜனே கொடுத்தார்.

கரும்பலகையில் 3 என்று எழுதுவேன். 3 என்பது 9-ன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 8. 8 என்பது 2 × 4. ஆக, 3 = √(1 + 2×4). இப்போது 4-ஐ எடு. 4 என்பது √16, அதாவது √(1 + 3×5). 5 என்பது √25, அதாவது √(1 + 4×6). 6-ஐத் திறந்தால் உள்ளே 7 இருக்கிறது. எந்த எண்ணைத் திறந்தாலும் உள்ளே அதற்கு அடுத்த எண் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் n² என்பது எப்போதும் 1 + (n−1)(n+1). அந்த முடிவில்லாத அடுக்கு முழுவதும் 3 என்ற ஓர் எண்ணுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வகுப்பில் பின் பெஞ்சு வரைக்கும் அமைதி வரும் ஒரே நாள் அது. (திறந்துகொண்டே போனால் நிச்சயம் 3-ஐத்தான் நெருங்கும் என்று நிறுவ இன்னும் ஒரு படி உண்டு. அதையும் சொல்லிவிடுவேன், கண்டுபிடிக்கும் வேலையை அவர்களுக்கு விட்டு.)

1911 டிசம்பரில் பெர்னூலி எண்கள் பற்றிய முதல் பெரிய கட்டுரை வந்தது. இதழின் ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அதைச் சும்மா அச்சிடவில்லை. நடை மிகச் சுருக்கம், தாவல் அதிகம், சாதாரண வாசகர் தொடர முடியாது என்று திரும்பத் திரும்ப எழுதி வாங்கினார். வழியை எழுதிக் காட்டும் பயிற்சி ராமானுஜனுக்கு முதலில் கிடைத்தது அங்கேதான். கும்பகோணத்து ஆங்கிலத் தாள் கேட்டதும் ஒருவகையில் இதைத்தான், உன் மனதில் உள்ளதை இன்னொருவருக்குப் புரியும்படி எழுது என்று. அங்கே தோற்றதால் கதவு மூடியது. இங்கே தோற்ற ஒவ்வொரு முறையும் கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பி வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் எனக்கு நாராயண ஐயங்காரும் ராமானுஜனுக்கு ஆசிரியர்தான்.

அடுத்த சீட்டு கடல் கடந்தது. சென்னையில் யாராலும் முழுதாக அளக்க முடியவில்லை. சேஷு ஐயரும் மற்றவர்களும் சொல்ல, 1913 ஜனவரி 16-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார். பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை, 1914 மார்ச் 17-ல் கப்பல், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919-ல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் மறைந்தார். உதவித்தொகை கொடுக்க முதுநிலைப் பட்டம் வேண்டும் என்ற விதி பல்கலைக்கழகத்திலும் இருந்தது. அங்கே விதியை ஓரமாக வைத்தார்கள். கோமளத்தம்மாள் கேட்டதும் அதையேதான், எட்டொன்பது வருடம் முன்னால்.

சேஷு ஐயருக்கு இன்னும் வேலை இருந்தது. ராமச்சந்திர ராவோடு சேர்ந்து ராமானுஜனின் வாழ்க்கைக் குறிப்பை எழுதி 1927 தொகுப்பில் சேர்த்தார். கும்பகோணம், உதவித்தொகை, திருக்கோவிலூர், நெல்லூர் என்று இன்று நாம் அடுக்கிச் சொல்கிற பலவற்றுக்கும் ஆதாரம் அந்தக் குறிப்புத்தான். அதில் தன்னைப் பற்றி அவர் சொல்வது சில வரிகள். அனுப்பினேன், கொடுத்தேன், அவ்வளவே.

கோலம்

பதினொரு வருடம் முன்னால். நான் அப்போது வேலை பார்த்த பள்ளிக்கு மரத்தடி வகுப்பு உண்டு. மார்கழி மாதம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மணலில் விரலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். நேர்ப்புள்ளி, 1, 3, 5, 7, பிறகு 5, 3, 1.

“சார், இதுல மொத்தம் இருபத்தஞ்சு புள்ளி. பதினாறும் ஒம்பதும்.”

கூட்டினால் இருபத்தைந்துதானே, அதில் பதினாறு எங்கே, ஒன்பது எங்கே என்று கேட்டேன். ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளைச் சுழித்துக் காட்டினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தால் சுழித்த புள்ளிகள் நாலுக்கு நாலு சதுரம், சுழிக்காதவை அதன் இடுக்குகளில் மூணுக்கு மூணு சதுரம். பதினைந்து புள்ளி வரைக்கும் போனால் அறுபத்து நாலும் நாற்பத்தொன்பதும் சேர்ந்து நூற்றுப் பதின்மூன்று வரும் என்றாள். வைத்துப் பார்க்கவில்லை, மனதிலேயே சொன்னாள்.

நான் நல்லா இருக்கும்மா என்று சொன்னேன். பிறகு, இது பரீட்சைக்கு வராது, பக்கம் 84 பயிற்சியைப் போடு என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அதட்டவில்லை, அடிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தேறாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள் என்று அவள் சித்தி சொல்லித் தெரிந்தது. மறுதேர்வு எழுத வைக்கலாமே என்று நான் கேட்டபோது ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஊரில் ஒரு கல்லூரி ஆசிரியருக்கு, ஒரு கணித மன்றத்துக்கு, யாருக்காவது நான் நாலு வரி எழுதியிருக்கலாம். எழுத ஆகும் செலவு அன்று ஐந்து ரூபாய் அஞ்சல் உறை. எனக்குத் தோன்றவே இல்லை. புரிந்தது, ரசித்தேன், அடுத்த வேலையைப் பார்த்தேன். கும்பகோணத்துச் சேஷு ஐயர் வரைக்கும் வந்தேன், சென்னைச் சேஷு ஐயர் வரைக்கும் போகவில்லை.

சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவில்லமாக வைத்திருக்கிறது. 2005-லிருந்து ராமானுஜன் பெயரில் கணிதப் பரிசும் கொடுக்கிறார்கள், வயது வரம்பு 32. பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் அந்த வீட்டுக்குக் கூட்டிப் போவேன். தெருவைப் பார்த்த ஜன்னல், அதை ஒட்டிய கட்டில் எல்லாம் காட்டுவேன். அங்கே நிற்கும்போது இப்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது, முதல்வர் அறையிலிருந்து அந்த வீட்டுக்குத் திரும்பி நடந்த அம்மாவைத்தான்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பகா எண்களைப் பற்றி ஒரு நோட்டு முழுக்க எழுதிக் கொண்டுவந்தான். முதல் ஆறு பக்கம் புரிந்தது, ஏழாம் பக்கத்துக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. சரியா தப்பா என்றே சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். பையன் எப்படி யோசிக்கிறான், எந்த இடத்திலிருந்து எனக்குப் புரியவில்லை, ஆங்கிலத்தில் அவன் வாங்கும் மார்க் என்ன, அப்பாவுக்கு என்ன வேலை எல்லாவற்றையும். நோட்டை ஜெராக்ஸ் எடுத்து, எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு கணிதப் பேராசிரியருக்கு அனுப்பினேன். பத்தாவது நாள் போன் வந்தது. சனிக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் சார், ஏழாம் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது, ஆனால் நல்ல தப்பு என்றார்.

போனோம். மேட்டூர் அணையை மூடி இரண்டு வாரம் ஆகியிருந்தது, காவிரியில் பாலத்துக்குக் கீழே மணல்தான் தெரிந்தது. பையன் பஸ் ஜன்னலோரம் நோட்டை மடியில் வைத்து, ஏழாம் பக்கத்தில் தப்பு எங்கே என்று தேடிக்கொண்டே வந்தான். இறங்குவதற்கு ஒரு ஸ்டாப் முன்னால் கண்டுபிடித்துவிட்டான்.